ஆயிரம் பிள்ளைகளில் எத்தனை பேர்?

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சாதியும் உடல்நலமும் என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொன்னீர்கள். அது கடல். நான் மருத்துவன் இல்லை. கவிதை எழுதுகிறவன், வயிற்றுப்பாட்டுக்கு வங்கியில் எழுத்தர் வேலை. எனக்குத் தெரிந்த தொழில் கணக்கு. அதனால் ஒரே ஒரு கணக்கை மட்டும் இன்றைக்கு உங்கள் முன் வைக்கிறேன். ஆயிரம் பிள்ளைகள் வாழுகிற ஓர் இடத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு வலிப்பு நோய் இருக்கும்?

இதென்ன டாக்டர்கள் பேச வேண்டிய விசயம், இயக்கத்துக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வலிப்பு மூளையில் வருகிறது. ஆனால் எத்தனை பேருக்கு வருகிறது, எத்தனை பேருக்கு வந்தது வெளியே தெரிகிறது, எத்தனை பேருக்கு மாத்திரை கிடைக்கிறது என்கிற மூன்றையும் தெருதான் தீர்மானிக்கிறது. அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் எதை எண்ணுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். மூளையின் நரம்பணுக்களுக்குள் ஓடும் மின்சாரம் திடீரென்று தாறுமாறாகப் பாய்ந்தால் வலிப்பு வருகிறது. ஒரு தடவை வந்துவிட்டால் அது வலிப்பு நோய் ஆகாது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை கடும் காய்ச்சலில் பிள்ளைக்குக் கைகால் வெட்டும். நம்ம ஊர்ப் பாட்டிகள் ஜன்னி என்பார்கள். நூறு குழந்தைகளில் இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு இது வரும். பெரும்பாலானவர்களுக்கு வளர வளரப் போய்விடும். அது வேறு கணக்கு. காய்ச்சலோ அடியோ போன்ற உடனடிக் காரணம் எதுவும் இல்லாமல், ஒரு நாளுக்கு மேற்பட்ட இடைவெளியில், இரண்டு தடவையாவது வந்தால்தான் பொதுவாக வலிப்பு நோய் என்கிறார்கள். அது தொத்து நோயும் இல்லை, முன்வினையும் இல்லை, முனி அடிச்சதும் இல்லை.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். குழந்தைகளின் வலிப்பு பற்றி உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. வளர்ந்த நாடுகளில் ஆயிரம் குழந்தைகளுக்கு 3.2 முதல் 5.5 வரை. வளர்ச்சி மறுக்கப்பட்ட நாடுகளில் 3.6 முதல் 44 வரை. இந்த இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பணக்கார நாட்டுக் குழந்தையின் மூளையும் ஏழை நாட்டுக் குழந்தையின் மூளையும் ஒரே மாதிரிதான் செய்யப்பட்டிருக்கிறது. அப்படியிருக்க அங்கே ஐந்தரையைத் தாண்டாத எண் இங்கே நாற்பத்து நாலு வரைக்கும் எப்படிப் போகிறது?

நம் நாட்டுக்கு வருவோம். 1999இல், அதுவரை இந்தியாவில் நடந்த ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தவர்கள் எல்லா வயதினருக்கும் சேர்த்து ஆயிரத்துக்கு ஐந்தரை என்ற அளவில் கணக்குச் சொன்னார்கள். கேரளத்தில் 2,38,102 பேரை விசாரித்த ஆய்வு 2000இல் வந்தது, ஆயிரத்துக்கு 4.9. பெங்களூர் நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் ஒரு லட்சம் பேருக்கு மேல் பார்த்து, 2004இல் வெளியான ஆய்வில் நகரத்தில் 5.7, கிராமத்தில் 11.9. அதே வட்டாரம்தான். நகரத்தைத் தாண்டிக் கிராமத்துக்குள் போனதும் எண் இரட்டிப்பாகிறது. இந்த நோய் பலருக்குப் பிள்ளைப் பருவத்தில்தான் தொடங்குகிறது என்பதால், இந்த எண்களுக்குள்ளே நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

புள்ளிவிவரம் என்றால் கண் சொக்கும். கைக்கணக்காகச் சொல்கிறேன். ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் முப்பதாயிரம் குழந்தைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்துக்கு ஐந்து என்றால் 150 பிள்ளைகள். நானூறு பேர் படிக்கிற பள்ளிக்கூடத்தில் இரண்டு பேர். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அந்த இரண்டு பேர் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஒருத்தர் முகமும் ஞாபகம் வரலைன்னா, அந்த ஊரில் நோயே இல்லை என்று அர்த்தமாகாது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருக்கலாம். வீட்டுக்குள்ளே இருக்கலாம். இல்லாமலே போயிருக்கலாம்.

இந்தக் கடைசி வார்த்தையை விளக்கணும். இங்கேதான் என் வங்கி வேலை உதவுகிறது. ஒரு கணக்கில் இருப்பு என்று ஒன்று உண்டு, வரவு என்று ஒன்று உண்டு. இன்றைய தேதியில் எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது என்பது இருப்பு. ஒரு வருசத்தில் புதிதாக எத்தனை பேருக்கு வந்தது என்பது வரவு. 2017இல் வெளியான உலகளாவிய தொகுப்பாய்வு ஒன்று, பணக்கார நாடுகளில் வருசத்துக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 49 பேருக்குப் புதிதாக வலிப்பு நோய் வருகிறது, மற்ற நாடுகளில் 139 பேருக்கு வருகிறது என்று சொன்னது. வரவு ஏறக்குறைய மூன்று மடங்கு. அப்படியென்றால் இருப்பும் மூன்று மடங்கு இருக்கணும் இல்லையா? அவ்வளவு வித்தியாசம் இல்லை. வரவு கூடி, இருப்பு கூடவில்லை என்றால் பணம் எங்கோ வெளியே போகிறது என்று எந்த எழுத்தரும் சொல்வான். சிலருக்கு நோய் தீர்ந்திருக்கும். எண்ணும் முறைகளில் வேறுபாடும் உண்டு. ஆனால் செத்துப்போனவர்களும் அந்த வெளியே போன கணக்கில்தான் இருக்கிறார்கள். வலிப்பு உள்ளவர்கள் அகால மரணமடைவது மற்றவர்களைவிட மூன்று மடங்கு வரை அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிணற்றோரம் வந்த வலிப்பு, அடுப்படியில் வந்த வலிப்பு, நிற்காமல் தொடர்ந்து வந்த வலிப்பு. ஆகவே ஒரு சேரியில் எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தால் உடனே சந்தோசப்படாதீர்கள். பற்றுப் பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள்.

அடுத்தது, எண்ணுகிறவன் என்ன கேட்கிறான் என்பது. 'உங்க வீட்ல யாருக்காவது காக்கா வலிப்பு இருக்கா?' என்று வாசலில் நின்று கேட்டால் கிடைக்கிற பதில் 'இல்லீங்க' என்பதுதான். கைகால் வெட்டி, நுரை தள்ளி விழுவது மட்டும்தான் வலிப்பு என்று ஊர் நினைக்கிறது. சில பிள்ளைகளுக்குச் சில வினாடிகள் அப்படியே உறைந்துபோகிற மாதிரி வரும். கண் ஒரு பக்கம் நிலைகுத்தும், கையிலிருக்கிற பென்சில் நழுவும், பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பி வரும். ஒரு நாளைக்குப் பல தடவை வரலாம். வகுப்பறையில் அதற்கு என்ன பேர்? 'கவனம் இல்லாதவன்.' அந்தப் பிள்ளை சேரியிலிருந்து வந்த பிள்ளையாக இருந்தால் அதற்கு மேலும் ஒரு பேர் தயாராக இருக்கிறது. 'இதுகளுக்கெல்லாம் எங்க படிப்பு ஏறப்போவுது.' மூளையில் ஓடிய மின்சாரத்துக்குச் சாதியை நோயாக எழுதிவிடுகிறார்கள். மருத்துவம் பார்க்க வேண்டிய பிள்ளை பிரம்படி வாங்குகிறது, தோற்கிறது, நிற்கிறது. எந்த ஆய்வு எண்ணிலும் அது வராது.

பெண் பிள்ளைகள் விசயத்தில் மறைப்பது இன்னும் கூடுதல். கல்யாணம் ஆகாது என்கிற பயம். அந்தப் பயத்தை அம்மாக்கள் கற்பனை பண்ணிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது, சட்டமே சொல்லிக்கொடுத்தது. 1976இல் இந்து திருமணச் சட்டத்தில் செய்த திருத்தத்தில், திரும்பத் திரும்ப வலிப்பு வருகிறவர் மணமுடிக்கத் தகுதியில்லாதவர் என்று எழுதி வைத்தார்கள். 1999இல்தான் அந்தச் சொல்லை நீக்கினார்கள். சட்டத்தில் எடுத்துவிட்டார்கள், பெண் பார்க்க வருகிறவர்கள் மனசிலிருந்து எடுக்கவில்லை. மகளுக்கு ராத்திரியில் வலிப்பு வருவதை அடுத்த வீட்டுக்குக்கூடச் சொல்லாத தாய், கையில் படிவத்தோடு வந்த வெளியூர்க்காரரிடமா சொல்வாள்?

அப்புறம், எண்ணுகிறவன் எந்தத் தெருவரைக்கும் போகிறான்? ஆய்வு அட்டவணைகளில் வயது இருக்கும். ஆணா பெண்ணா என்பது இருக்கும். கிராமமா நகரமா என்பது இருக்கும். சாதி என்கிற பத்தி பெரும்பாலும் இருப்பதில்லை. கிராமம் என்கிற ஒரே சொல்லுக்குள் ஊரையும் சேரியையும் போட்டுக் கலக்கிவிடுகிறார்கள். நிசத்தில் கலக்காத இரண்டும் காகிதத்தில் மட்டும் கலந்துவிடுகின்றன. அரசின் கணக்கெடுப்புக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊனங்களுக்கு எட்டு வகை வைத்தார்கள். அதில் வலிப்புக்குத் தனி இடம் இல்லை. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டது. அதிலும் வலிப்பு என்று தனிப் பெயர் கிடையாது.

அயோத்திதாசப் பண்டிதரை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். அவர் தொழிலால் சித்த மருத்துவர். அதே மனிதர்தான் குடிமதிப்பில் நம் மக்கள் என்ன பெயரில் பதியப்பட வேண்டும் என்று ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தார். நாடி பிடிப்பதும் கணக்குக் கேட்பதும் அவருக்கு இரண்டு வேலையாக இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி காரணங்கள். பல பிள்ளைகளுக்கு வலிப்புக்கு என்ன காரணம் என்று கண்டுபிடிக்க முடிவதில்லை. சிலருக்கு மரபணு. ஆனால் தடுத்திருக்கக் கூடிய காரணங்கள் என்று ஒரு பகுதி உண்டு. உலக அளவில் நான்கில் ஒரு பங்கு வரை தடுக்கக் கூடியவை என்கிறார்கள். பிரசவத்தில் குழந்தைக்கு மூச்சு முட்டுவது, தலையில் அடிபடுவது, மூளைக்காய்ச்சல், மூளையில் புழுக்கட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி இருக்கிறது. ராத்திரி வலி எடுத்து, வண்டி கிடைக்காமல், நேரம் கடந்து பிறந்து அழாத குழந்தை யார் வீட்டுக் குழந்தை? ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955இல், நம் வேலூர் வட்டாரத்தில். அதைப் பரப்புகிற கொசு நெல் வயல் தண்ணீரில் வளர்கிறது. பிழைக்கிற பிள்ளைகளில் பலருக்கு வலிப்பும் கைகால் முடக்கமும் மிஞ்சுகிறது. 2006இலிருந்து பாதிப்பு மிகுந்த மாவட்டங்களில் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். வயலோரம் குடிசை போட்டு நாற்று நடுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அந்த ஊசி முதலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

புழுக்கட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசணும். ஏனென்றால் இதில் நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவைத்திருக்கிறார்கள். வேலூர் மாவட்டத்தில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வீடு வீடாக விசாரித்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. ஆயிரத்துக்குச் சுமார் நாலு பேருக்கு வலிப்பு நடப்பில் இருந்தது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் மூளையில் தங்கிய நாடாப்புழுக் கட்டி. அந்தப் புழுவுக்குப் பன்றி நாடாப்புழு என்று பெயர். பெயரைக் கேட்டதும் ஆதிக்க சாதிக்காரன் முகத்தில் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். 'பன்னி தின்னா வராம என்ன பண்ணும்?'

அறிவியல் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். சரியாக வேகாத பன்றிக்கறியைத் தின்றால் குடலில் நாடாப்புழு வளரலாம். குடலில். அது வலிப்பு இல்லை. அந்தப் புழுவின் முட்டை மனித மலத்தில் வெளியே வருகிறது. அந்த மலம் கலந்த தண்ணீரோ, கழுவாத கீரையோ, கழுவாத கையோ வாய்க்குப் போகும்போதுதான் முட்டை வயிற்றுக்குள் பொரிந்து, ரத்தத்தின் வழியே மூளைக்குப் போய்க் கட்டியாக உட்காருகிறது. ஆகவே மூளையில் கட்டி வருவதற்குப் பன்றிக்கறியைத் தொடவே வேண்டாம். இந்தியாவில் இந்தக் கட்டியோடு மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பன்றிக்கறி தின்னாதவர்கள் என்று நரம்பியல் மருத்துவர்கள் பல காலமாக எழுதிவருகிறார்கள். சுத்த சைவக்காரர்களுக்கும் வருகிறது. கறியை நன்றாக வேகவைத்துவிட்டால் குடலிலும் புழு வராது. குற்றம் நம் சட்டியில் இல்லை. கக்கூஸ் கட்டாத ஊரில், சாக்கடைக்குள் ஓடுகிற குடிதண்ணீர்க் குழாயில் இருக்கிறது. மலத்தை அள்ளுவதற்கென்று ஒரு சாதியை வைத்துக்கொண்டு, அதை ஒழிக்க 1993இல் ஒரு சட்டமும் 2013இல் இன்னொரு சட்டமும் போட்டும் அள்ளுகிறவர்கள் செத்துக்கொண்டிருக்கிற நாடு இது. இந்த நாட்டில் மலம் எல்லார் சாப்பாட்டிலும்தான் கலக்கும். புழு முட்டைக்குத் தீட்டுத் தெரியாது.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 1992இல் நியூயார்க்கில், பன்றிக்கறியை மத ரீதியாகவே விலக்கிவைத்த யூதக் குடும்பங்களில் நாலு பேருக்கு மூளையில் இந்தக் கட்டி இருந்ததைப் பற்றி எழுதினார்கள். இந்தப் புழு பரவலாக உள்ள நாடுகளிலிருந்து வீட்டு வேலைக்கு வந்தவர்கள் வழியாகத்தான் முட்டை வந்திருக்கக் கூடும் என்றார்கள். இந்தச் செய்தி நம் ஊரில் எப்படிக் காதில் விழும்? 'அதான் அவங்கள அடுப்பங்கரைக்குள்ள விடக்கூடாதுங்கறது' என்று விழும். தீண்டாமைக்கு அறிவியல் சட்டை மாட்டிவிடுவார்கள். குடலில் உள்ள நாடாப்புழுவை டாக்டர் மேற்பார்வையில் ஒரே வேளை மாத்திரையில் விரட்டிவிடலாம். வேலைக்காரியை விரட்ட வேண்டியதில்லை. அவளுக்கு மாத்திரையும், கை கழுவச் சோப்பும் தண்ணீரும், ஒரு கழிப்பறையும் போதும். வடக்குப் பெருவில் நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களில் மக்களுக்கும் பன்றிகளுக்கும் மருந்து கொடுத்து, பன்றிகளுக்குத் தடுப்பூசியும் போட்டு, அநேகமாக எல்லாக் கிராமங்களிலும் இந்தப் புழுவின் பரவலை நிறுத்திக் காட்டினார்கள். 2016இல் அந்த முடிவு வெளியானது. யாரையும் ஊரைவிட்டுத் தள்ளிவைக்காமலே அது முடிந்தது.

மருந்து விசயத்துக்கு வருகிறேன். வலிப்புக்கான ஃபீனோபார்பிட்டால் 1912இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. நூறு வருசத்துக்கு மேல் ஆன மருந்து. கர்நாடகத்தில் எளந்தூர் வட்டாரக் கிராமங்களில் இந்த மருந்தையும் ஃபெனிட்டாயினையும் மட்டும் வைத்துக்கொண்டே பெரும்பாலோருக்கு வலிப்பைக் கட்டுப்படுத்த முடியும் என்று செய்து காட்டினார்கள். 2001இல் அது வெளிவந்தது. சரியாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பே வராமல் வாழலாம். ஒருவருக்கு ஒரு வருச மருந்துச் செலவு ஐந்து டாலருக்குள் முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனாலும் ஏழை நாடுகளில் நாலு பேரில் மூன்று பேருக்கு அந்த மருந்து போய்ச் சேரவில்லை. நன்றாகப் படித்த கேரளத்திலேயே அந்த ஆய்வின்போது நூற்றுக்கு 38 பேர் மருந்து இல்லாமல் இருந்தார்கள்.

என் கவுண்டருக்கு நூறு நாள் வேலைக் கூலியை எடுக்க ஒரு பாட்டி வருவார். பேரனுக்கு 'பிட்ஸ்'. ஒரு நாள் படிவம் எழுதிக் கொடுக்கும்போது சொன்னார்: 'மாத்திர சும்மாதாம்பா குடுக்குறாங்க. போனா ஒரு நா வேல போவுது. போன அன்னிக்கு இல்ல, அடுத்த வாரம் வாங்குறாங்க. அதான் ஒருநா விட்டு ஒருநா குடுக்குறேன், மிச்சம் புடிச்சு.' நோயை மிச்சம் பிடிக்க முடியாது. மாத்திரையை ஒழுங்கில்லாமல் கொடுத்தாலோ திடீரென்று நிறுத்தினாலோ வலிப்பு கடுமையாகத் திரும்பி வரும். பாட்டிக்கு இதை நான் சொல்லலாம். ஒரு நாள் கூலியை யார் கொடுப்பது?

அந்தப் பையனுக்கு ஒரு தடவை எங்கள் வங்கி வரிசையிலேயே வந்துவிட்டது. நாலு பேர் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணித்தார்கள். இரும்பு பிடித்தால் நிற்கும் என்பது நம்பிக்கை. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிசத்தில் தானாக நிற்கும். சாவிக்குப் பேர் கிடைத்துவிடுகிறது. செய்ய வேண்டியது வேறு. பக்கத்தில் இருக்கிற கூர்மையான பொருள்களை நகர்த்துங்கள். தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள். நேரம் பாருங்கள். ஐந்து நிமிசத்துக்கு மேல் போனாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். இதைச் செய்ய எம்.பி.பி.எஸ். வேண்டாம்.

கடைசியாக, மாணவத் தோழர்கள் செய்யக் கூடியது. லீவுக்கு ஊருக்குப் போகிறபோது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். சேரியின் கடைசி வீட்டிலிருந்து ஆரம்பியுங்கள். 'வலிப்பு இருக்கா' என்று கேட்காதீர்கள். 'பிள்ளை திடீர்னு விழுந்திருக்கா, கண்ணு நிலைகுத்திக் கூப்பிட்டா திரும்பாம இருந்திருக்கா, தூக்கத்துல கைகால் வெட்டிப் படுக்கையில ஒண்ணுக்குப் போயிருக்கா' என்று கேளுங்கள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிற வீட்டில்தான் உண்மை வரும். அந்த உரிமை நமக்கு இருக்கிறது, படிவக்காரருக்கு இல்லை. இருந்த பிள்ளைகளை மட்டும் கேட்காமல் இறந்த பிள்ளைகளையும் கேளுங்கள். நோய் எது என்று தீர்மானிப்பது டாக்டர் வேலை. பிள்ளையை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது நம் வேலை. பெயர்ப் பட்டியலை யாரிடமும் கொடுக்காதீர்கள். பள்ளிக்கூடத்துக்குப் போனால் அதே பட்டியலை வைத்துப் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவார்கள். எண்ணை மட்டும் கொண்டுபோங்கள். கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள்: இந்த ஊரில் இத்தனை பிள்ளைகள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை மாதத்துக்கு மாத்திரை இருப்பு வைத்திருக்கிறீர்கள், சேரிக்குக் கழிப்பறையும் நல்ல தண்ணீரும் எந்தத் தேதியில் வரும்?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கையில் அந்த நோட்டோடு வாருங்கள். கூட்டல் கழித்தல் நான் பார்த்துக்கொள்கிறேன்.